பாதியில் போய்ப் பார்

என் தாய்மாமன் எனக்குச் சொல்லிக்கொடுத்த கம்ப்யூட்டர் படிப்பில் பாதி நேரம் கம்ப்யூட்டர் ஓடியதே கிடையாது. லேப்டாப் இருந்தது. அதன் பேட்டரி செத்துப்போயிருந்தது. ஒயரைச் செருகினால் உயிர் வரும், கரண்ட் போனால் போய்விடும். அந்தக் கோடையில் பாபநாசம் பக்கத்துக் கிராமங்களில் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். ஆகவே நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி, வாசல் மண்ணில் குச்சியால் கோடு இழுத்துக் கற்றுக்கொண்டது.

மாமா இன்ஜினியரிங் முடித்திருந்தார். வேலை கிடைக்கவில்லை. அவருடைய வீட்டில் வருகிறவர் போகிறவர் எல்லோரும் வேலையைப் பற்றிக் கேட்டதால், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவருடைய அக்காவான என் அம்மா மட்டும், சோறு போடும்போதெல்லாம் கேட்டாள்.

"ஏன்டா, ஒரு ஆமைய நடக்க விடுறதுக்கா நாலு வருஷம் காலேஜுக்குப் போன?"

"ஆமைய நடக்க விடுறது ஈசிக்கா. ஓம் பொண்ண யோசிக்க வைக்கிறதுதான் கஷ்டம்."

ஆமை என்று அவர்கள் சொன்னது திரையில் இருந்த ஒரு சின்ன முக்கோணத்தை. இவ்வளவு தூரம் நட, வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு என்று வரிசையாக எழுதிக்கொடுத்தால், அது அப்படியே நடந்து கோடு போடும். சிறுபிள்ளைகளுக்குப் புரோகிராம் எழுதப் பழக்குவதற்கென்று யாரோ செய்தது. நான் அதில் ஒரு வீடு வரைய எழுதினேன். சுவர், வாசல், ஜன்னல் எல்லாம் எழுதி, கடைசியில் கூரையும் எழுதினேன். ஓட்டிப் பார்த்தால் கூரை வீட்டின் மேல் உட்காராமல் பக்கத்தில் தரையில் கிடந்தது, புயலடித்த மாதிரி.

"ஆமை தப்பா போவுது மாமா."

"ஆமை மேல பழி போடாதடி. நீ சொன்னத அது செஞ்சிருக்கு. நீ என்ன சொன்னேன்னு பாரு."

முதல் வரியிலிருந்து படித்தேன். எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. மறுபடியும் படித்தேன். அப்போதும் சரியாகவே தெரிந்தது. நம் கையால் எழுதியது நமக்கு எப்படித் தப்பாகத் தெரியும்? மாமா குனிந்து, திரையின் நடுவில் விரலை வைத்தார்.

"முழுசா படிக்காத. பாதியில நிறுத்தி ஓட்டிப் பாரு. அதுவரைக்கும் சரியா இருந்தா தப்பு கீழ இருக்கு. சரியா இல்லன்னா மேல இருக்கு. எந்தப் பக்கம்னு தெரிஞ்சதும் அந்தப் பக்கத்துல மறுபடி பாதி. அவ்வளவுதான்."

பாதியில் நிறுத்தினேன். சுவர் சரியாக நின்றது. தப்பு கீழே. அதில் பாதி போனேன். வாசலும் ஜன்னலும் சரி. இன்னும் கொஞ்சம் போனதும் வலப்பக்கம் என்று எழுத வேண்டிய இடத்தில் இடப்பக்கம் என்று எழுதியிருந்தது கண்ணில் பட்டது. மாற்றினேன். கூரை ஏறி உட்கார்ந்தது. நான் குதித்தேன். கரண்ட் போய்விட்டது.

அந்தச் சமயத்தில் வீட்டில் வேறொரு கவலை இருந்தது. குறுவை நெல்லுக்கு நாற்று விட்டிருந்தோம். ஆற்றில் தண்ணீர் வர நாளாகும் என்பதால் போர்வெல் தண்ணீரை நம்பித்தான் விதை விட்டது. வாய்க்காலின் தலைப்பில் மோட்டார், கடைசியில் நாற்றங்கால். மோட்டார் வாயில் தண்ணீர் திமுதிமுவென்று கொட்டும். நாற்றங்காலுக்கு வந்து சேரும்போது சொட்டுச் சொட்டாக வரும். நாற்றங்காலின் கடைப்பகுதி பழுக்க ஆரம்பித்துவிட்டது.

"நாத்து போச்சுன்னா இந்த வருஷம் குறுவை இல்ல மாப்ள" என்று அப்பா மாமாவிடம் சொன்னார். குறுவை இல்லையென்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வருஷம் இல்லை. அம்மாவின் தோடு போயிருந்தது. எனக்குப் புதுப் பாவாடை வரவில்லை.

"எங்கயாவது ஓட்டை இருக்கா அத்தான்?"

"நடந்து பாத்துட்டேன். ஒண்ணும் தெரியல. மண்ணு காஞ்சு கெடக்கு, வாய்க்காலே குடிச்சிடுது போல."

அம்மா அடுப்பில் இருந்த குழம்பை ரொம்ப நேரம் கலக்கிக்கொண்டிருந்தாள்.

வாய்க்காலுக்குத் தெற்கே இருந்த வயல் பெரியம்மாவுடையது. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது போர் இருந்த துண்டு எங்கள் பக்கம் வந்தது. அதில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. பிறகு பெரியப்பா செத்துப்போனார். நின்ற பேச்சு நின்றபடியே இருந்தது. பெரியம்மா எங்களிடம் பேச மாட்டாள், ஆனால் சொல்ல வேண்டியதை எல்லாம் எங்கள் காதில் விழும்படி தன் மாட்டிடம் சொல்லிவிடுவாள். "பாத்துப் போடி, அவங்க வூட்டு வெண்டச்செடிய மிதிச்சா கேஸ் போட்ருவாங்க" என்பாள். மாடு தலையை ஆட்டும். அவளும் அந்த வருஷம் நாற்று விட்டிருந்தாள். அவள் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கிவந்த பக்கத்து வயல்காரரின் மோட்டார் புகைந்துபோய்க் கிடந்தது. எங்களிடம் கேட்டிருக்கலாம். அவள் கேட்க மாட்டாள். அப்பாவும் கொடுக்கிறேன் என்று சொல்ல மாட்டார்.

நானும் வாய்க்கால் கரையோடு நடந்து பார்த்தேன். தலைப்பிலிருந்து கடைசிவரை, கடைசியிலிருந்து தலைப்புவரை. ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தபோதுதான் தோன்றியது.

"மாமா, வாய்க்காலும் புரோகிராம் மாதிரிதான? மேலேருந்து கீழ வருது. ஒரு எடத்துல தப்பாயிடுது."

மாமா என்னைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு லேப்டாப்பை மூடினார். கரண்ட் இருக்கும்போதே அவர் அதை மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்பா மோட்டார் போட்டிருந்தார். தலைப்பில் வாய்க்காலுக்குள் ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் நின்ற உயரத்தில் கரியால் கோடு போட்டேன். பிடுங்கிக்கொண்டு பாதி தூரத்தில் இருந்த புங்கமரத்துக்கு ஓடினேன். அங்கே நட்டேன். தண்ணீர் கோட்டைத் தொட்டது.

"மேல சரி. தப்பு கீழ" என்று கத்தினேன்.

கீழ்ப் பாதியின் நடுவில் நட்டேன். கோட்டுக்கு வெகு கீழே நின்றது தண்ணீர். அப்படியானால் தப்பு இந்த இடத்துக்கும் புங்கமரத்துக்கும் இடையில். அதில் பாதி. அங்கே ஒற்றைத் தென்னை. கோடு நனைந்தது. தென்னைக்குக் கீழே வாய்க்காலை ஒட்டி ஒரே ஒரு காட்டாமணக்குப் புதர்தான் இருந்தது. ஊதாப் பூவாகப் பூத்துக் கிடந்தது. அந்தப் புதரை நான் எத்தனையோ தரம் தாண்டிப் போயிருக்கிறேன். கிளையை விலக்கினேன்.

கரைக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு செருகியிருந்தது. அதைச் சுற்றி மண் அரித்துப்போய், குழாய்க்குள் போகிறதைவிட வெளியே போகிற தண்ணீர் அதிகமாக இருந்தது. எல்லாம் பெரியம்மா நாற்றங்காலுக்குப் போனது. குழாயை அடைக்கிற துணி கிளையில் சுருட்டிக் கட்டியிருந்தது. நீலத்தில் மஞ்சள் பூப் போட்ட துணி. என் பழைய பாவாடை.

"அப்பா! கண்டுபுடிச்சிட்டேன்! பெரியம்மாதான்! பெரியம்மாதான் தண்ணி திருடுறாங்க!"

நல்ல வெயில். சத்தம் நன்றாகப் போயிற்று. மோட்டார் கொட்டகையிலிருந்து அப்பா வந்தார். களை பறித்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து நின்றாள், வரவில்லை. வரப்பில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியம்மாவும் நின்றுவிட்டாள். மாமா மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அப்பா குனிந்து குழாயைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். நிமிர்ந்து அம்மா நின்ற பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு சொன்னார்.

"நண்டு."

"நண்டு குழா வைக்குமாப்பா?"

"போன வெள்ளத்துல அடிச்சிட்டு வந்த குழா. நண்டு அதுக்குள்ள வளை போட்ருக்கு."

"அப்ப என் பாவாடை?"

"காத்துல வந்திருக்கும். கொடியில காயப்போட்டா பறக்காதா?"

மாமா இருமிக்கொண்டே அந்தப் பக்கம் போய்விட்டார். பெரியம்மா மாட்டின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். "ஊரான் தண்ணி நமக்கு எதுக்குடி? நம்ம நாத்து காஞ்சா காயட்டும். வா, போவோம்" என்று சொல்லிக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமலே நடந்தாள்.

மறுநாள் பார்த்தபோது குழாய் அவள் பக்கத்திலிருந்து களிமண் வைத்து அடைத்திருந்தது. அடைத்தவள் நன்றாக மிதித்தும் விட்டிருந்தாள். எங்கள் நாற்றங்காலில் தண்ணீர் தளும்பியது. நான் ஜெயித்தவள் மாதிரி வரப்பில் நடந்தேன். ஆனால் வீட்டில் யாரும் ஜெயித்த மாதிரி இல்லை. அம்மா அப்பாவின் தட்டை நங்கென்று வைத்தாள். கரைக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவின் நாற்று நுனி சுருண்டு, மண் வெடிக்க ஆரம்பித்திருந்தது. அவள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். நாற்றங்காலுக்குக் குடத்தால் தண்ணீர் ஊற்றுவது என்பது, கடலில் பெருங்காயம் கரைப்பது மாதிரி.

எனக்கு அப்பாவை நினைத்தால் பாவமாக இருந்தது. இவ்வளவு தெளிவாகக் கண்டுபிடித்துக் காட்டியும் நண்டு என்கிறாரே. அவருக்கு யோசிக்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று முடிவு செய்தேன். ஒரு சாயங்காலம் அவரை வாசலில் உட்காரவைத்து, மண்ணில் வாய்க்காலைக் கீறி, மோட்டார், புங்கமரம், தென்னை எல்லாம் போட்டு, பாதி பாதியாகப் போகிற முறையைச் சொல்லிக்கொடுத்தேன். இருட்டில் வெறுங்காலால் தடவியே வரப்பில் ஓட்டை கண்டுபிடிக்கிற மனிதர் அவர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"புரியுதாப்பா?"

"கொஞ்சம் கொஞ்சம் புரியுதும்மா."

அடுத்த முறை கரண்ட் வந்தபோது அப்பா மோட்டாரைப் போட்டுவிட்டு, கரையில் நின்றுகொண்டு யாரும் இல்லாத வெளியைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"நம்ம நாத்தாங்காலுக்கு ஏறினதுக்கு மேலயும் தண்ணி வந்தா வாய்க்கா கரை தாங்காது! கரை ஒடஞ்சா யாரு கட்டுறது? ரொம்பினதுக்கு அப்பறம் எந்த நண்டாவது ஓட்டை போட்டா நமக்கு உபகாரம்!"

பெரியம்மா குடத்தை இறக்கி வைத்தாள். மாட்டைப் பார்த்தாள். அதன் நெற்றியைத் தடவினாள்.

"கேட்டியாடி," என்றாள். "கரை ஒடையுமாம்."

அன்றைக்குச் சாயங்காலம் போனபோது களிமண் எடுக்கப்பட்டிருந்தது. குழாயைச் சுற்றி அரித்த இடமெல்லாம் மண் கட்டி, மண்வெட்டியால் தட்டிச் சமப்படுத்தியிருந்தது. என் பாவாடைத் துணி குழாய்க்குள் இருந்தது. அதற்குப் பிறகு, எங்கள் நாற்றங்கால் நிரம்பும்வரை துணி குழாயில் இருக்கும், நிரம்பியபிறகு கிளையில் இருக்கும். நிரம்பினால் திற, இல்லையென்றால் அடை. மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்த அடுத்த பாடமும் அதுதான். அவர் அதைத் திரையில் எழுதிக் காட்டியபோது, "நம்ம நண்டு மாதிரியா மாமா?" என்று கேட்டேன். "அதே மாதிரிதான்" என்றார்.

எங்கள் நாற்றில் பழுத்த பகுதி தேறவில்லை. நடவு அன்று நாற்றுக் குறைந்தது. பாதி வயலில் நடவுக்காரப் பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு கரையேறியபோது, தெற்கு வரப்பில் நாற்று முடிகள் கட்டுக் கட்டாக வரிசையாக அடுக்கியிருந்தன. பச்சையாக, வேரில் சேறு காயாமல் இருந்தன. யார் வைத்தது என்று அப்பாவைக் கேட்டேன்.

"நண்டா இருக்கும்" என்றார். அம்மா சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

மாமா அந்த வருஷமே வேலை கிடைத்துப் போய்விட்டார், லேப்டாப்போடு. நான் பத்தாவதோடு நின்றேன். திருப்பூரில் தைத்தேன், ஓசூரில் போனுக்குப் பாகம் பூட்டினேன், நடுவில் எர்ணாகுளத்தில் ஒரு ஓட்டல் விடுதியில் அறை பெருக்கினேன். ஒரு இடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் எனக்குக் கால் தரிக்காது. புரோகிராம் எழுதிப் பிழைக்கிற அளவுக்கு நான் படிக்கவில்லை. ஆனால் தையல் லைனில் பீஸ் கோணலாக வந்து, சூப்பர்வைசர் முதல் மேஜையிலிருந்து ஒவ்வொருத்தியாகத் திட்டிக்கொண்டு வரும்போது, நான் எழுந்து நடு மேஜைக்குப் போய்ப் பார்ப்பேன். எங்கே போனாலும் அந்த ஒன்று என்னோடு வந்தது.

கம்பெனி விடுதிக் கட்டிலில் படுத்திருந்தபோது ஒருநாள் அந்தப் பாவாடை ஞாபகம் வந்தது. கொடியிலிருந்து பறந்து வந்திருக்கும் என்று அப்பா சொன்னதை நான் நம்பியிருந்தேன். எனக்குச் சின்னதாகப் போய், மூட்டை கட்டிப் பரணில் போட்ட பாவாடை எப்படிக் கொடிக்கு வரும் என்று கேட்கவில்லை. தண்ணீருக்கு அவ்வளவு சரியாகப் பார்த்தவள், துணிக்கு அப்படிப் பார்க்கவில்லை. ஒரு முனையில் எங்கள் வீட்டுப் பரண். இன்னொரு முனையில் காட்டாமணக்குப் புதர். பாதியில் போய்ப் பார்த்திருந்தால், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, சுருட்டிய துணியை முந்தானைக்குள் மறைத்தபடி அம்மா போய்க்கொண்டிருந்திருப்பாள். மோட்டார் கொட்டகை வாசலில், அவள் தாண்டிப் போகும்வரை வேறு பக்கம் திரும்பி நின்றபடி அப்பாவும் இருந்திருப்பார்.