குங்குமத்துக்கு அடியில் ஓர் எழுத்து

என் மனைவிக்கு ஒரு வருடம் உட்கார வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் தாதியாக இருபத்திரண்டு வருடம் நின்றவள். சாப்பாட்டைக்கூட அலமாரிக் கதவைத் திறந்து அதன் மறைவில் நின்றபடியே விழுங்கிவிட்டு ஓடுகிறவள். "நகை வேணாம், டூர் வேணாம். ஒரு வருஷம் சும்மா உக்காரணும் லா. எங்கயாச்சும்," என்றாள்.

அதற்கு ஒரு வழியும் இருந்தது. சில வருடங்களுக்கு முன் கூட வேலை செய்யும் ஒருத்தி சொன்னாளென்று போனஸில் கொஞ்சம் எடுத்து கிரிப்டோ வாங்கிப் போட்டு, மறந்தும் விட்டிருந்தாள். ஒருநாள் திறந்து பார்த்தால் மூடி வைத்த இட்லி மாவு மாதிரி பொங்கி வழிந்துகொண்டிருந்தது. ஒரு வருடச் சம்பளம் தேறும். ஆனால் அந்தக் கணக்கு என் பெயரில், என் போனில் இருந்தது. வாங்கிய சமயத்தில் நான் ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்குப் போகும் நடுவெளியில் இருந்தேன். படிவம் நிரப்ப எனக்குத்தான் நேரம் இருந்தது. எனக்கு எப்போதும் நடுவெளிதான். ஒரு நாற்காலி சூடாவதற்குள் ஜன்னல் கூப்பிடும், ஜன்னலுக்குப் போனால் தெரு கூப்பிடும், தெருவில் இறங்கினால் மழை. வேலைகள் என்னை விட்டுப் போனதில்லை. நான்தான் போனேன்.

"என் பணம் என் போன்ல இருக்கட்டும்," என்று அவள் முடிவெடுத்தாள். ஜாலான் புசாரில் போன் பழுதுபார்க்கும் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் அவளுடைய போனில் புதிதாக ஒரு வாலெட், அந்தப் பணத்தை வைத்துக்கொள்ள ஒரு பை, அமைத்துக் கொடுத்தார். "அக்கா, இதுல ஒரு அட்ரஸ் இருக்கு. காப்பி பண்ணி அண்ணனுக்கு அனுப்புங்க. அவரு அதுல பேஸ்ட் பண்ணி அனுப்பிட்டா முடிஞ்சுது," என்றார்.

முடிந்திருக்கும். ஆனால் நாங்கள் பஃபலோ ரோட்டில் குடியிருப்பவர்கள். காலையில் வீட்டுக் கதவைத் திறந்தாலே மல்லிகையும் சாம்பிராணியும் லிஃப்டில் ஏறி வரும் இடம். ஒரு வருடச் சம்பளத்தைச் சாமிக்குச் சொல்லாமல் நகர்த்துவதாவது?

"போனையா கும்பிடறது? ஒரு பேப்பர்ல எழுதுங்க. உங்க கையெழுத்து நல்லாருக்கும்," என்றாள்.

எழுதினேன். மேலே பிள்ளையார் சுழி. அதன் கீழே அந்த முகவரி: எண்ணும் ஆங்கில எழுத்துமாக, மூச்சு விடாமல் ஓடும் நாற்பத்திரண்டு உருவங்கள். வெற்றுக் காகிதத்தில் எறும்பு வரிசை மாதிரி அழகாக இருந்தது. போனில் சில எழுத்துகள் பெரிதாகவும் சில சிறிதாகவும் கலந்து கிடந்தன. பார்க்க அலங்கோலமாக இருந்ததால் எல்லாவற்றையும் ஒரே சீராகச் சின்ன எழுத்தில் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. நல்ல நாள். நேரம்தான் சிக்கல்.

"பத்தரையிலேர்ந்து பன்னண்டு ராகு காலம்," என்றேன் நான், நாட்காட்டியைப் பார்த்து.

"அது இந்தியாவுக்கு. இங்க சூரியன் வர்றதே ஏழு மணிக்கு. கணக்குப் போட்டா பதினொன்றரைலேர்ந்து ஒண்ணு."

"ராகுவுக்கு பாஸ்போர்ட் எல்லாம் பாக்க மாட்டாங்க."

"சூரியனுக்கு இருக்குல்ல? ராகுவுக்கும் இருக்கும்."

கடைசியில் இரண்டு ராகுவுக்கும் முன்பாக, பத்தரைக்குள் அனுப்பிவிடுவது என்று உடன்பட்டோம். இந்த விவாதத்திலேயே மணி பத்தேகால் ஆகிவிட்டது. அவள் அவசரமாகக் குளித்து, ஈரக் கையோடு வந்து, தாளின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவினாள். நடுவில் மோதிர விரலால் ஒரு குங்குமப் பொட்டு. ஈர விரல், ஈரக் குங்குமம். பொட்டு பூவாக விரிந்தது. தாளைச் சாமிப் படத்துக்கு முன் வைத்துச் சூடம் காட்டினாள். போனில் படமும் எடுத்தேன், எதற்கென்று தெரியாமல்.

பத்து இருபத்தாறு. பூஜையில் வைத்த தாளைப் பார்த்தே என் போனில் தட்ட ஆரம்பித்தேன். முன்பாதி சுகமாகப் போனது. நடுவில் குங்குமம். அதன் அடியில் ஓர் எழுத்து இருந்தது. வட்டமாக ஏதோ ஒன்று; ஆங்கில சியாக இருக்கலாம், ஈயாக இருக்கலாம். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஊதிப் பார்த்தேன். அவளுடைய போனை வாங்கிப் பார்த்திருந்தால் அரை நிமிட வேலை. அவளோ அதைக் கையில் பிடித்துக்கொண்டு கண்களை மூடி நின்றிருந்தாள், உதடுகள் மட்டும் அசைந்தன. அந்த முகத்தைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. வாய்க்குள் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். ஈ போட்டால் வரி நன்றாக ஓடியது.

ஈ போட்டேன்.

"முதல்ல கொஞ்சமா அனுப்பிப் பாக்கலாமா?" என்று கேட்கவும் செய்தேன், மனசாட்சிக்கு.

"நல்ல காரியத்த யாராச்சும் ரெண்டா பிரிப்பாங்களா? மொத்தமா அனுப்புங்க!"

முகவரி சரிதானா என்று போன் கேட்டது. ஆம் என்றேன். பத்து இருபத்தொன்பது.

அவளுடைய போனில் எதுவும் வரவில்லை. பதினொரு மணிக்கும் இல்லை. "ராகு காலத்துல எப்படி வரும்? பன்னண்டு தாண்டட்டும்," என்றாள். பன்னிரண்டு தாண்டியது. "இது சிங்கப்பூர் ராகு. ஒண்ணு ஆகட்டும்." சாம்பாரைக் கிண்டினாள், போனைப் பார்த்தாள், சாம்பாரைக் கிண்டினாள். ஒன்றேகாலுக்கு அடுப்பை அணைத்தாள். எனக்குள் அந்த ஈ பறந்துகொண்டே இருந்தது, உட்கார இடம் கிடைக்காமல்.

ஜாலான் புசாருக்கு நடந்தோம். கடைக்காரர் தாளையும் இரண்டு போன்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அண்ணே, இது என்ன, கல்யாணப் பத்திரிகையா?"

"பூஜைல வச்சது."

"இங்க சி இருக்கணும். நீங்க ஈ அடிச்சிருக்கீங்க."

"சரி, தப்பான வீட்டுக்குப் போயிடுச்சு," என்றாள் மனைவி. "அந்த வீட்ல போய்க் கேட்டா குடுத்துடுவாங்கல்ல?"

"அக்கா, அங்க வீடே இல்ல. கதவு நம்பர் மட்டும்தான் இருக்கு. அதுக்குச் சாவின்னு ஒண்ண இன்னும் யாரும் செய்யல. செய்யவும் முடியாது."

"வீடு இல்லன்னா போஸ்ட்மேன் திருப்பிக் கொண்டாந்துடுவான் லா."

"இங்க போஸ்ட்மேனும் இல்லக்கா."

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். அந்த முகவரியில் அவளுடைய ஒரு வருடம் முழுசாக, ஒரு காசு குறையாமல் இருந்தது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கோயில் குளத்தில் விழுந்த நிலா மாதிரி. கை விட்டால் கை மட்டும் நனையும்.

"பெரிய எழுத்து, சின்ன எழுத்து கலப்ப வச்சுத்தான் போன் சரிபாக்கும். அப்படியே அடிச்சிருந்தா, தப்புன்னு அதுவே நிறுத்தியிருக்கும்ணே. எல்லாத்தையும் ஏன் சின்னதாக்கினீங்க?"

பார்க்க நன்றாக இருந்தது என்று எப்படிச் சொல்வது?

"குங்குமம் நான்தான் வச்சேன்," என்றாள் அவள் மெல்ல. "என்னாலதான்."

அந்தப் பழியை அவளிடமே விட்டுவிட ஒரு கணம் ஆசைப்பட்டேன். ஒரு கணம்தான். "இல்ல. எழுத்து மறைஞ்சிருந்தது எனக்குத் தெரியும். உன்கிட்ட கேக்காம, குத்துமதிப்பா போட்டேன்."

"குத்துமதிப்பாவா?"

"ஈ நல்லா ஓடுச்சு."

கடைக்காரர் திடீரென்று ஒரு ஸ்குரூவைத் தேட மேசைக்குக் கீழே குனிந்துகொண்டார். மனைவி என்னைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், பக்கத்தில் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலைப் பார்த்தாள். அதில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, காலை நன்றாக நீட்டிக்கொண்டாள்.

"நான் உக்காந்துட்டேன். இனிமே எழுந்திருக்க மாட்டேன். அடுத்த மாசம் வேலைய விடறேன்னு லெட்டர் குடுக்கறேன். ஒரு வருஷம் சோறு எங்கேர்ந்து வரும்னு நீங்க பாத்துக்குங்க."

"நானா?"

"வேற யாரு, அந்த ஈயா?"

இப்போது எனக்குப் பூன் லேயில் வேலை. கப்பல் உதிரிபாகக் கிடங்கில், பெட்டிகளின் மேலுள்ள எண்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றையும் மூன்று முறை வாய்விட்டுப் படிக்கிறேன். "அங்கிள், லாரி வெயிட்டிங் லா," என்று மேற்பார்வையாளர் பெண் பொறுமையிழக்கிறாள். ஏழு மாதம் ஆகிவிட்டது. என் ஆயுளில் இவ்வளவு நாள் நான் ஒரே நாற்காலியைச் சூடாக்கியதில்லை.

பத்து மணிவாக்கில் போன் அடிக்கும். தினமும் ஒரே கேள்வி.

"இப்ப எங்க உக்காந்திருக்கேன் சொல்லுங்க?"

"டேக்கா மார்க்கெட்."

"அது நேத்து."

"கோயில்ல?"

"இல்ல. டபுள் டெக்கர் பஸ், மாடில, முன் சீட்டு. மரமெல்லாம் கண்ணாடில வந்து உரசுது."

"எங்க போற பஸ்?"

"தெரியல லா. நம்பர் பாக்கல," என்றாள். அவள் சிரிப்பில் பஸ்ஸின் குலுக்கல் கேட்டது. "கடைசி ஸ்டாப் வந்ததும் சொல்றேன்."

வைத்துவிட்டாள். வெளியே லாரி ஹாரன் அடித்தது.