ஒத்திகை நாளில் சூசையின் கடற்கரை

என் மகனுக்குக் காவல்துறையில் வேலை கிடைத்தது. கடலோரப் பாதுகாப்புப் பிரிவில் போடுவார்கள் என்று சொன்னார்கள். நாங்கள் சேலத்துக்காரர்கள், எங்கள் வீட்டில் யாருக்கும் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவன் பயிற்சிக்குக் கிளம்ப இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் அவன் காவலுக்கு நிற்கப்போகிற மாதிரி ஒரு கரையைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஓர் அரிப்பு. எந்த ஊரில் போடுவார்கள் என்றே தெரியாதபோது தூத்துக்குடி எதற்கு என்று கணவர் கேட்டார். பெரிய துறைமுகம், முத்துக் குளித்த கடல், வரிசையாக மீனவர் ஊர்கள், ஒரே நாளில் நிறையப் பார்க்கலாம் என்றேன். இரவுப் பேருந்தில் படுத்துக்கொண்டே போய்விடலாம் என்பதும் ஒரு காரணம். ஜனவரி மாத வெள்ளிக்கிழமை ஒன்றில் தனியாகக் கிளம்பினேன். படுக்கைக்கு 950 ரூபாய், ஏறத்தாழ 385 கிலோமீட்டர்.

காலை ஆறு மணிக்கு இறங்கி, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே குளிக்க ஓர் அறை எடுத்தேன். ஏழரைக்கு வாடகைக் கார் வந்தது. ஓட்டுநர் பெயர் பெலிக்ஸ். ஐம்பது வயது இருக்கும். நாள் முழுக்க 3,200 ரூபாய், டீசல் அவர் பொறுப்பு. கொற்கை, பிறகு கடற்கரைச் சாலையில் திருச்செந்தூர் தாண்டி மணப்பாடு வரை போய்த் திரும்புவது என்று பேச்சு. "வழியில எங்க ஊரு இருக்கு மேடம். எங்க அண்ணனுக்கு மாத்திரை குடுக்கணும். அஞ்சு நிமிசம் நிப்பாட்டிக்கிடட்டுமா?" என்று கேட்டார். சரி என்றேன். அந்த ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. வேண்டாம் என்று பிறகு அவரே கேட்டுக்கொண்டார்.

துறைமுகத்துக்குள் அனுமதியில்லாமல் போக முடியாது. வெளியிலிருந்து பாரம் தூக்கிகளைப் பார்த்துவிட்டு முத்தையாபுரம் வழியாகத் தெற்கே இறங்கினோம். இரண்டு பக்கமும் உப்பளம். காலை வெயிலிலேயே கண் கூசியது, கறுப்புக் கண்ணாடி எடுத்துப் போங்கள். கொற்கையில் கடலைத் தேடாதீர்கள். பாண்டியர் காலத்துத் துறைமுகத்தை விட்டுக் கடல் எப்போதோ விலகிப் போய்விட்டது, இப்போது வாழைத் தோப்புகள்தான். ஒரு மணி நேரம் போதும். ஆத்தூரில் இளநீர் குடித்தோம். இதுவரைக்கும் எல்லாரும் எழுதுகிற பயணம்தான்.

முதல் சோதனை திருச்செந்தூருக்கு முன்னால் நடந்தது. சாலையில் தடுப்பு வைத்து ஒவ்வொரு வண்டியாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். கடலோரப் பாதுகாப்பு ஒத்திகையாம். போலீஸ்காரர்களிலேயே சிலர் மாறுவேடத்தில் போலி வெடிகுண்டோடு படகில் வந்து கரையேறப் பார்ப்பார்கள், மற்றவர்கள் அவர்களைப் பிடிக்க வேண்டும். இரண்டு நாளைக்கு நடக்கும் என்று ஒரு காவலர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு வேடிக்கையாக இருந்தது. மகனும் நாளைக்கு இதைத்தானே செய்யப்போகிறான் என்று கைப்பேசியில் படம் எடுக்கப் போனேன்.

"எடுக்காதிய மேடம்," என்றார் பெலிக்ஸ். குரல் மாறியிருந்தது. யாரும் சொல்வதற்கு முன்பே இறங்கி, டிக்கியைத் திறந்துவிட்டு, இரண்டு கையையும் காரின் கூரைமேல் வைத்துக்கொண்டு நின்றார். அவரை அப்படி நிற்கச் சொன்னவர் யாரும் இல்லை. சோதனை முடிந்து வண்டி கிளம்பிய பிறகும் கொஞ்ச தூரம் அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடியே ஓட்டினார்.

திருச்செந்தூரில் சாப்பிட்டு (சாப்பாடு சுமார் 130 ரூபாய்) மணப்பாடு போனோம். மணல்மேட்டின் மேல் நிற்கிற தேவாலயத்தையும் வளைந்து போகிற கரையையும் பார்க்க இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போதுதான் கேட்டேன், காலையில் ஏன் அப்படி நின்றீர்கள் என்று. ஓட்டிக்கொண்டே சொன்னார்.

"எங்க அண்ணன் பேரு சூசை. சங்கு குளிக்கப் போவான். மூச்சை அடக்கிக்கிட்டு உள்ள போனாம்னா, மேல படகுல இருக்கவன் பயந்துருவான். அப்படிப்பட்ட ஆளு. அக்கரையில, சிலோன்ல சண்டை நடந்த காலம் மேடம் அது. இங்கனயும் எங்கயோ குண்டு வெடிச்சு சனம் செத்துருந்த நேரம். டீசல், பேட்டரி எல்லாம் நம்ம கரையில இருந்துதான் போவுதுன்னு போலீஸ்காரங்க ஊரு ஊராத் தேடுதாங்க. சூசைன்னு ஒருத்தனத் தேடி வந்திருக்காங்க. எங்க அண்ணன் அப்பதான் கடன் வாங்கிப் புது எஞ்சின் மாட்டியிருந்தான். அது போதாதா? கரையில வச்சே தூக்கிட்டாங்க."

இரண்டு வாரத்துக்கு மேல் எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லையாம். வீட்டுக்குத் திரும்பியபோது சூசைக்கு உடம்பில் வெளியே தெரிகிற காயம் எதுவும் இல்லை. இரண்டு உள்ளங்கையாலும் ஒரே நேரத்தில் இரண்டு காதிலும் அறைந்திருக்கிறார்கள். ஒரு தடவை இல்லை, நாள்கணக்காக. செவிப்பறை இரண்டும் கிழிந்து, சீழ் பிடித்து, கேட்கும் சக்தி போய்விட்டது. காது அப்படி ஆன பிறகு ஆழத்துக்குப் போக முடியாது. இருபத்துநாலு வயதில் அவருடைய தொழில் முடிந்தது. தேடப்பட்ட சூசை வேறு ஊர்க்காரர் என்பது அதற்குப் பிறகு தெரிந்ததாம்.

"அவங்களையும் ஒரேயடியாக் குத்தம் சொல்ல மாட்டேன். குண்டு வெடிச்சது நெசம், டீசல் போனதும் நெசம்," என்றார் பெலிக்ஸ். "ஆனா அதுக்கப்புறம் எங்க ஊருல ஒருத்தனும் போலீஸ்கிட்ட வாயத் தொறக்கல. ரெண்டு வருசம் கழிச்சு யாருக்கும் தெரியாத படகு ஒண்ணு விடியக்காலம் வந்து சாக்கு இறக்கிட்டுப் போச்சு. நாங்க எல்லாரும் பாத்தோம். சொல்லல. அதுல என்ன இருந்துச்சு, யாரைக் கொன்னுச்சோ, இன்னிக்கி வரைக்கும் தெரியாது."

என் மகனைப் பற்றி அவரிடம் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

நாலரை மணிக்கு அவர் ஊருக்குள் திரும்பினோம். காரைக் கரையோரம் நிறுத்திவிட்டு, அண்ணன் கடலிலிருந்து வந்துவிட்டாரா என்று இறங்கிப் பார்த்தார். நண்டு வலைக்குப் போய் வந்த படகு ஒன்று அப்போதுதான் கரை ஏறியிருந்தது. "அதோ போறான்லா," என்று காட்டினார். நரைத்த தலை, மடித்துக் கட்டிய கைலி, தோளில் நீலச் சாக்கு. தண்ணீரை ஒட்டித் தெற்கே நடந்துகொண்டிருந்தார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து நூறு அடி இருக்கலாம்.

"ஏய்! நில்லு!" என்று ஒரு சத்தம்.

வடக்கே ஐஸ் கொட்டகை பக்கத்திலிருந்து ஒரு காவலர் வந்துகொண்டிருந்தார். சின்னப் பையன். கையில் துப்பாக்கி. கரையில் சாக்கோடு யாராவது இறங்கினால் நிறுத்த வேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சூசை திரும்பவில்லை. ஒரே சீராக நடந்தார். "நில்லுன்னு சொல்றேன்ல! சாக்கைக் கீழ போடு!" அந்தக் குரலில் பயம் இருந்தது. துப்பாக்கி தோளுக்கு ஏறிவிட்டது.

நான் கத்தினேன். "தம்பி, அவருக்குக் காது கேட்காது!" கடல்காற்று முகத்தில் அடித்தது. என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அதற்குள் பெலிக்ஸ் ஓட ஆரம்பித்திருந்தார். அதுதான் நிலைமையை மோசமாக்கியது. அந்தப் பையன் கண்ணுக்கு இப்போது இரண்டு பேர், ஒருவன் சொல்பேச்சுக் கேட்காமல் போகிறான், இன்னொருவன் அவனை நோக்கி ஓடுகிறான். துப்பாக்கி பெலிக்ஸ் பக்கம் திரும்பியது. பெலிக்ஸ் அப்படியே மணலில் முட்டி போட்டுக் கையைத் தூக்கிவிட்டார்.

மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து கூச்சல் போட்டார்கள். ஒருத்தர் மட்டும் முந்தானையை வீசிக்கொண்டு சூசைக்கு எதிரே ஓடிவந்தார். அது அவர் மனைவி ரெஜினா. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் சூசை நின்றார். திரும்பினார். தம்பி முட்டி போட்டிருப்பதைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார். சாக்கு தோளிலிருந்து விழுந்தது. கையை மேலே தூக்குவார் என்று நினைத்தேன். அவர் இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்து நின்றார்.

"இறக்குடா! துப்பாக்கியக் கீழ இறக்கு!" பின்னாலிருந்து ஒரு பெண் எஸ்.ஐ. ஓடிவந்தார். முப்பது வயதுகூட இருக்காது. துப்பாக்கியின் குழாயைத் தன் கையாலேயே பிடித்து மணலைப் பார்க்கத் தாழ்த்தினார். சாக்கு வாய் திறந்து நண்டுகள் வெளியே ஊர்ந்துகொண்டிருந்தன.

அந்தக் காவலர் பையன் மணலில் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். மூடியைத் திறக்காமல் கையிலேயே வைத்திருந்தான். நானே திறந்து கொடுத்தேன். "மூணு தடவ கூப்பிட்டேம்மா," என்றான். "காவல் டியூட்டியில இருந்து நேரா இங்க அனுப்பிட்டாங்க. உள்ள இருக்கறது நிஜத் தோட்டாம்மா." ஒத்திகைக்கு வந்தவன் கையில் நிஜத் தோட்டா. என் மகனைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ கூட இருக்கும் அவனுக்கு. அவன் தலையைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன்.

பெலிக்ஸ் எஸ்.ஐ.யிடம் நடந்ததைச் சொன்னார். பழைய கதையைச் சொல்லவில்லை, அண்ணனுக்குக் காது கேட்காது என்பதை மட்டும்தான் சொன்னார். எஸ்.ஐ. சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "இவர மாதிரி காது கேக்காதவங்க ஊருல வேற யாரு இருக்காங்க? சொல்லுங்க, எங்க ஆளுங்ககிட்ட சொல்லி வைக்கிறேன்," என்று கேட்டார். நல்லெண்ணத்தில் கேட்ட கேள்விதான். யாரும் பதில் சொல்லவில்லை.

ரெஜினா சொன்னார்: "இன்னிக்கிக் கேக்கிய. நீ எந்தச் சூசைன்னு அன்னிக்கி ஒரு வார்த்தை கேட்டிருந்தாங்கன்னா, இவிய காது இவியளுக்கு இருந்திருக்கும்."

எஸ்.ஐ.க்கு முதலில் புரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு வயதான பெண் இரண்டு வரியில் விளக்கினார். எஸ்.ஐ.யின் முகம் மாறியது. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, சூசைக்கு முன்னால் போய்க் கைகூப்பினார். அவர் எதற்குக் கும்பிடுகிறார் என்று சூசைக்கு விளங்கவில்லை. ஏதோ கேட்கிறார் என்று நினைத்து, கைலி மடிப்பிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய மீனவர் அடையாள அட்டையை அவசரமாக எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். எஸ்.ஐ. அதை வாங்கவில்லை. வேண்டாம் என்று தலையாட்டினார். சூசை நீட்டியபடியே நின்றார். கடைசியில் ரெஜினாதான் அவர் கையைப் பிடித்து இறக்கினார்.

மாத்திரையைக் கொடுத்துவிட்டு ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஆறுமுகனேரி தாண்டியதும் நான் பெலிக்ஸிடம் சொன்னேன், என் மகன் அந்த வேலையில்தான் சேரப்போகிறான் என்று. முக்காணிப் பாலம் வரை அவர் சாலையையே பார்த்து ஓட்டினார். இறங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவாரோ என்றுகூடத் தோன்றியது.

"சீருடை போடுததுக்கு முந்தி ஒரு நாளு அவர இங்கன அனுப்புங்க," என்றார் பாலத்தைத் தாண்டியதும். "படகு, வலை, ஆளுங்க எல்லாம் காட்டுதேன். யாரு எப்படி நடப்பான், எவனுக்குக் காது மந்தம், எவன் குடிச்சிட்டு உளறுவான்னு தெரிஞ்சவன் கை அவ்வளவு சுளுவா துப்பாக்கி விசைக்குப் போவாதுல்லா."

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். நான் வெறும் பயணக் குறிப்பு எழுதுகிறவள், பாதுகாப்பைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. ஆனாலும் அன்று கரையில் நின்றவள் என்பதால் எழுதுகிறேன். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும். தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு சுமார் 60 கிலோமீட்டர், நடுவில் நிறுத்தி நிறுத்திப் போனால் ஒரு நாள் ஆகும். ஒத்திகை நாட்களைச் செய்தித்தாளில் போடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். சோதனைச் சாவடியில் நமக்கு வேடிக்கையாக இருப்பது பக்கத்தில் நிற்பவருக்கு வேடிக்கையாக இருக்க வேண்டும் என்பதில்லை, கைப்பேசியை உள்ளே வையுங்கள். மீனவர் ஊர்களுக்குள் போனால் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். திடீரென்று ஓடாதீர்கள், அன்பினால்கூட.

மகனிடம் நடந்ததை முழுதாகச் சொன்னேன். "அவன் சுட்டிருந்தா அது யாரு தப்பும்மா?" என்று கேட்டான். பயிற்சிக்குப் போவதற்குப் பத்து நாள் முன்னால் அவனாகவே பேருந்து ஏறினான். பெலிக்ஸ் வந்து கூட்டிப் போயிருக்கிறார். இரண்டு நாள் அந்த ஊரில் இருந்தான். ரெஜினா முதல் நாள் அவனோடு பேசவே இல்லையாம், இரண்டாம் நாள் நண்டுக் குழம்பு ஊற்றினாராம். சூசையோடு ஒரு நாள் வலைக்கும் போயிருக்கிறான். வீட்டுக்கு வந்தவன் பையைக்கூட இறக்கி வைக்காமல் வாசலில் நின்று சொன்னது இதுதான்: "பின்னாலேருந்து எவ்வளவு கத்துனாலும் அவருக்குத் தெரியாதும்மா. சுத்திக்கிட்டு முன்னால போய் நிக்கணும். நின்னா, சிரிக்கிறார்."