துண்டு வைக்காத அறைகள்

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த லாட்ஜில் அறைக்குள் என்னென்ன உண்டு என்று கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கட்டில், ஃபேன், சட்டை மாட்ட ஓர் ஆணி. மற்றதெல்லாம் குரல் கொடுத்தால்தான் வரும். பக்கெட்டுக்கு ஒரு குரல், சோப்புக்கு ஒரு குரல், துண்டு, குடிதண்ணீர், எதிர்க்கடை டீ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். அத்தனைக்கும் மூன்று மாடி ஏறி இறங்கியவர் ஜபருல்லா. லிஃப்ட் கிடையாது. ஐம்பது வயதைத் தாண்டியதும் முழங்கால்கள் இரண்டும் அவரோடு சண்டைக்கு நின்றன.

தனியாக வருகிறவர்களுக்கு லாட்ஜுகளில் லேசில் அறை கொடுக்க மாட்டார்கள். கையில் பையும் இல்லாமல், என்ன சோலியாக வந்தோம் என்று சொல்லவும் தெரியாமல் ஒருவர் நின்றால், "ரூம் எல்லாம் ஃபுல்லு" என்றுவிடுவார் மேனேஜர் வீரணன். அதையும் மீறிக் கொடுத்தால், அந்தக் கதவை அவ்வப்போது தட்டிப் பார்ப்பது ஜபருல்லாவின் வேலை. தண்ணி வேணுமா சார், டீ சொல்லவா சார் என்று ஏதாவது ஒரு சாக்கு. ஆள் முகத்தைப் பார்த்தால் போதும்.

ஒருமுறை ஒன்பதாம் நம்பருக்கு வந்த இளவட்டம், பக்கெட், துண்டு, தண்ணீர் எல்லாவற்றையும் வந்தவுடனே கேட்டு வாங்கிக்கொண்டான். அதன்பிறகு தட்ட ஜபருல்லாவுக்குச் சாக்கு இல்லை. மறுநாள் கதவை உடைத்துத்தான் திறந்தார்கள். பையன் உயிரோடு இல்லை. அந்த முகத்தை ஜபருல்லாவால் மறக்க முடியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மெயின் ரோட்டில் பெரிய ஹோட்டல் ஒன்று திறந்து ஆள் எடுத்தபோது, மனைவி மாஜிதாதான் நச்சரித்து அனுப்பினாள். லிஃப்ட் உண்டு, பி.எஃப். உண்டு, சீருடை உண்டு. ஆறு மாதம் வேலையைப் பார்ப்போம், புகார் எதுவும் வராவிட்டால் நிரந்தரம் என்றார்கள். முதல் மாதமே முழங்கால் வலி பாதியாகக் குறைந்தது. இந்த வேலையை எப்படியாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கும் ஆசை வந்துவிட்டது.

ஆனால் இரண்டாம் மாடி அறைகளைத் தயார் செய்யும்போதெல்லாம் அவருக்கு ஒன்பதாம் நம்பர் ஞாபகம் வந்தது. எல்லாம் உள்ளேயே இருந்தது. வெந்நீர் எந்நேரமும் வந்தது. டீ போட்டுக்கொள்ளக் கெட்டில், தூள், சர்க்கரை. குளிர்ந்த தண்ணீருக்குக் குட்டி ஃபிரிட்ஜ். துணி தேய்க்க வேண்டுமானால் போனை எடுத்தால் போதும், சாப்பாட்டுக்கும் அப்படியே. கதவுக்கு வெளியே மாட்ட ‘தொந்தரவு செய்யாதீர்’ என்று ஓர் அட்டை வேறு. தட்டுவதற்கு ஒரு சாக்கைக்கூட விட்டுவைக்கவில்லை.

அவரே ஒன்றை உண்டாக்கிக்கொண்டார். ஒற்றை ஆள் வரப்போகும் அறை என்று தெரிந்தால் துண்டு வைக்காமல் வந்துவிடுவார். குளிக்கப் போகும் நேரத்தில் அறையிலிருந்து போன் வரும். துண்டோடு போய் நிற்பார். "சாப்ட்டீயளா சார்?" என்று கேட்டு, முகத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்புவார்.

இணையத்தில் இது வேறு மாதிரி எழுதப்பட்டது. இவ்வளவு பெரிய ஹோட்டலில் துண்டு இல்லையாம் என்று ஒருவர் கேலி செய்ய, இன்னும் இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். மேனேஜர் எலினா கெட்டிக்காரப் பெண். மூன்றும் ஒற்றை ஆள் தங்கிய அறைகள் என்று கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஜபருல்லா எதையும் மறைக்கவில்லை. ஒன்பதாம் நம்பர் பையனைப் பற்றியும் சொன்னார்.

எலினா கம்ப்யூட்டரிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்க சொல்லுதது புரியுது. ஆனா யாரும் தட்டாம நிம்மதியா இருக்கணும்னுதான் இங்க வாராங்க. அதுக்குத்தான் அம்புட்டு காசு குடுக்காங்க. இனிமே ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்துச்சுன்னா என்னால உங்களக் காப்பாத்த முடியாது."

"சரி மேடம். இனி வராது."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அது ஜபருல்லாவுக்கும் தெரியும்.

அந்த வாரமே ராஜபாளையம் மில் ஒன்றின் மெஷினைச் சரிபார்க்கக் கோயம்புத்தூர் இன்ஜினியர் ஒருவர் தனியாக வந்து தங்கினார். ஜபருல்லா துண்டு வைத்தார். சோப்பு, தண்ணீர், டீத்தூள் எல்லாம் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். ஒன்றுகூடக் குறையவில்லை. இன்ஜினியர் உள்ளே போனார், அட்டை வெளியே வந்தது. மறுநாள் மத்தியானமும் அது தொங்கிக்கொண்டிருந்தது. சாப்பாடு கேட்டும் போன் வரவில்லை. ஜபருல்லாவுக்குத் தன் சாப்பாடும் இறங்கவில்லை. லிஃப்டில் போனார், வந்தார், மறுபடி போனார். கடைசியில் வெறுங்கையோடு நின்று தட்டிவிட்டார்.

நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. தூக்கம் கலைந்த கண்ணோடு இன்ஜினியர் நின்றார்.

"போர்டு தொங்குதே, பார்க்கலீங்களா? ரெண்டு நாளாத் தூக்கமில்லாம இப்பத்தான் படுத்தேன். என்னங்க வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம் சார். நல்லா இருக்கீயளா?"

அந்தக் கோபமான முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில், வேலை போய்விட்டது என்பது ஜபருல்லாவுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

மாஜிதா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தைலத்தை எடுத்து முழங்காலில் தேய்த்துவிட்டு, "இனி அந்தப் படியில எப்படி ஏறுவிய?" என்று மட்டும் கேட்டாள்.

லாட்ஜில் வீரணன் ஏற இறங்கப் பார்த்தார்.

"அங்க என்ன இல்லைன்னு திரும்பி வந்தீரு பாய்?"

"எல்லாம் இருந்துச்சு அண்ணாச்சி."

மூன்றாம் மாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "கீழ யாருங்க? இங்க பக்கெட் இல்ல."

"இந்தா வாரேன் சார்" என்றார் ஜபருல்லா. பக்கெட்டை ஒரு கையிலும் படியின் கைப்பிடியை மறுகையிலும் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினார்.