ஆசிரியர் அறியப்படாதவர்

கொடைக்கானலில் நான் எம்.ஃபில். படித்த இசைத் துறையில், ஆய்வேட்டைக் கையில் வாங்கினால் முதலில் கடைசிப் பக்கங்களைத்தான் திருப்புவார்கள். துணைநூற்பட்டியல். ஒரு கீர்த்தனையை மேற்கோள் காட்டினால் இயற்றியவர், ராகம், தாளம், பதிப்பகம், ஆண்டு, பக்கம் எல்லாம் வேண்டும். ஒரு கமா விட்டுப்போனால் என் நெறியாளர் சோற்றில் கல்லைக் கடித்தவர் மாதிரி முகம் சுளிப்பார்.

என் தலைப்பு ஒப்பாரி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து இந்த மலையில் குடியேறிய எங்கள் ஆட்களின் ஒப்பாரி. அதில் முக்கியமானது, அப்பா செத்த அன்று அம்மா தானே கட்டிப் பாடிய பாட்டு. சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் டேப் ரெக்கார்டரோடு அம்மாவை யூகலிப்டஸ் காட்டுக்குள் கூட்டிப்போய்ப் பதிவு செய்தேன். இயற்றியவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரை எழுதினேன்.

நெறியாளர் அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு 'ஆசிரியர் அறியப்படாதவர்' என்று எழுதினார்.

"தெரிஞ்சவங்கதான் சார். பூண்டு உரிச்சுக்கிட்டு வீட்டுல இருக்காங்க."

"நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் கிடையாதும்மா. அது மக்கள் சொத்து. மாத்தலைன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கையெழுத்து இல்லாவிட்டால் பட்டம் இல்லை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அம்மாவை யாரோ ஒருத்தியாக்கி வாங்கும் பட்டம் எனக்கு எதற்கு?

இந்த மக்கள் சொத்துக்காரர், பக்கத்துப் பள்ளங்கி கிராமத்துப் பெண்களை நாட்டுப்புறப் பாட்டு பாடவைத்து ஒரு கேசட் போட்டிருந்தார். அட்டையில் அவர் பெயர், கோட்டு போட்ட அவர் படம். பாடியவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதை மேற்கோள் காட்டாமல் எங்கள் துறையில் யாரும் தேறியதில்லை.

நானும் காட்டினேன். அம்மாவின் பாட்டுக்கு அவர் சொன்னபடியே எழுதி, அடுத்த வரியில் அவருடைய கேசட்டைச் சேர்த்தேன். அதற்கும் 'ஆசிரியர் அறியப்படாதவர்'.

மறுநாள் வகுப்பு வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என்னம்மா இது? என் பேர் எங்க?"

"மக்கள் சொத்துன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"தொகுத்தது நானில்லையா? எவ்வளவு அலைஞ்சேன் தெரியுமா?"

"நீங்க அலைஞ்சீங்க சார். எங்கம்மா அழுதிருக்காங்க."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு பெயரையும் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். தன் பெயர் வர வேண்டுமே என்று என் அம்மாவின் பெயரைச் சகித்துக்கொண்டார். அவருடைய கொள்கையின் உயரம் அவ்வளவுதான்.

பைண்டு செய்த ஏட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மா பெயர் இருந்த வரியை வாசித்துக் காட்டினேன். அம்மா பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு விடிய விடிய அழுதேனேடி. ஒரு பாட்டுதான் போட்டிருக்கியா?"