கையெழுத்து மட்டும் அப்பாவுடையது

மார்கரெட் கிழவிக்கு இன்று முகம் கழுவவில்லை. "கழுவட்டுமா?" என்று கேட்டேன், "வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான், துண்டை மடித்து வைத்துவிட்டேன். இங்கே லீட்ஸ் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. காலையில் என்ன சாப்பிட்டாள் என்பது மார்கரெட்டுக்கு நினைவிருக்காது. பெற்ற மகனையே பால்காரன் என்பாள். ஆனாலும் எந்தச் சட்டை, டீயா காப்பியா, ஜன்னலைத் திறக்கவா மூடவா என்று ஒவ்வொன்றையும் அவளிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். கேட்டேன் என்று எழுதியும் வைக்க வேண்டும். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. அட, மூஞ்சி கழுவுவதற்கெல்லாமா சம்மதம் கேட்பார்கள்! இப்போது சிரிப்பு வருவதில்லை. கேட்கிற ஒவ்வொரு முறையும் அப்பாதான் நினைவுக்கு வருகிறார்.

ஒத்தக்கடையில் இருக்கும் என் அப்பா பூ மார்க்கெட்டில் ஏலம் விட்டவர். எங்கள் தாத்தா அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். முதலாளி முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாயே திறக்காத மனுஷர். அப்பாவோ வாயை வைத்தே பிழைத்தார். மல்லிகை மூட்டைக்கு முன்னால் நின்று அவர் விலை கூவினால் மார்க்கெட்டின் அந்தக் கோடிவரை கேட்கும். எங்களைப் படிக்கவைத்தது அந்தத் தொண்டைதான். மூன்று வருடத்துக்கு முன் அது கம்மியது. கத்திக் கத்திப் புண்ணாகிவிட்டது என்று பனங்கற்கண்டும் மிளகும் சாப்பிட்டுப் பார்த்தார், மாதக்கணக்கில் சரியாகவில்லை. அம்மா இல்லாத வீடு; அண்ணன்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சோதிக்கவைத்துவிட்டு எனக்குப் போன் செய்தான். "பாப்பா, அப்பாவுக்கு அதுதாம்மா. கெளம்பி வா. அவருட்ட மூச்சு விட்றாத." அது என்று மட்டும்தான் சொன்னான். எங்கள் வீடுகளில் அந்த வியாதிக்குப் பெயர் கிடையாது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி ஃபைலுக்கு அண்ணன் பிரவுன் அட்டை போட்டிருந்தான். ஃபைலின் மேல் 'புற்றுநோய்' என்று அச்சடித்திருந்ததாம். அட்டையின் மேல் பள்ளிக்கூட லேபிள் ஒன்றை ஒட்டி, 'தொண்டைப் புண்' என்று தன் மகளைவிட்டு எழுதவைத்திருந்தான். டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் அவர் அப்பாவிடம், "ஐயா, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்றார். அப்பா எழுந்து போனார். அவருடைய தொண்டையைப் பற்றிப் பேச அவரைத் தவிர எல்லோரும் உள்ளே இருந்தோம்.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். குரல்வளையை எடுத்துவிட்டால் நோய் திரும்புவதற்கு வாய்ப்புக் குறைவு, ஆனால் பேச்சு போய்விடும். எடுக்காமல் கதிர்வீச்சு, எங்கள் ஊர்ப் பேச்சில் கரண்டு, வைத்து மருந்தும் கொடுத்தால் பேச்சு தங்கலாம், நோய் திரும்பினால் சிரமம். "அவருட்டயும் பேசிட்டு வந்து சொல்லுங்க" என்றார். நாங்கள் எதிரில் இருந்த டீக்கடைக்குப் போனோம். "பேரக் கேட்டாலே அண்ணே பாதி செத்துருவாரு" என்றார் கூட வந்திருந்த சித்தப்பா. "உசுரு இருந்தாப் போதும், பேச்ச வச்சு என்ன செய்ய?" என்றான் அண்ணன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று நான் இழுத்தேன். "நீ பத்து நாள்ல பிளேன் ஏறிப் போயிருவ பாப்பா. கூட இருந்து பாக்கப்போறது நானு" என்றான். நான் டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஒளிப்பானேன், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை. டீ ஆறுவதற்குள் அப்பாவின் குரலை முடித்துவிட்டோம்.

மறுநாள் சம்மதப் படிவத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். முழுக்க இங்கிலீஷ். "வீட்ல ஐயாட்ட எல்லாம் சொல்லிட்டீங்கல்ல?" என்று டாக்டர் கேட்டதற்கு, "சொல்லியாச்சு சார்" என்றான் அண்ணன். அப்பா பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்ன தாயி எழுதிருக்கு?"

"மயக்க ஊசி போடுறதுக்குப்பா."

"எம்புட்டு நாளாகும்?"

"பத்து நாள்ல ஏலத்துக்குப் போயிரலாம்ப்பா."

சொன்னது நான்தான். அண்ணன் இல்லை, சித்தப்பா இல்லை. நான் விரல் வைத்த இடத்தில் நிதானமாக, முழுப் பெயரையும் எழுதினார்.

கண்விழித்ததும் என்னைக் கூப்பிடத்தான் வாயைத் திறந்தார். கழுத்தில் போட்ட ஓட்டை வழியாகக் காற்றுதான் வந்தது. திரும்பவும் கூப்பிட்டுப் பார்த்தார். கையால் கழுத்தைத் தடவினார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுதிக் காட்ட ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தோம்; 'தண்ணி', 'போதும்', இவற்றுக்கு மேல் எனக்கு எதுவும் எழுதவில்லை. என்ன வியாதி என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள், மனுஷர் உயிரோடு இருக்கிறாரே, அது போதாதா என்பீர்கள். இருக்கிறார். கேட்டிருந்தால் அவரே இந்த ஆபரேஷனைத்தான் சொல்லியிருப்பாரோ என்னவோ. அது எனக்குத் தெரியாது, அந்தத் தெரியாமைதான் என்னைத் தின்கிறது.

இந்த வருடம் என் மார்பில் ஒரு கட்டி. இங்குள்ள டாக்டர் என் வீட்டுக்காரரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துச் சோதனை முடிவைச் சொல்ல ஆரம்பித்தார். நான் பழக்கதோஷத்தில், "என் கணவரிடம் சொல்லுங்கள், நான் வெளியே இருக்கிறேன்" என்று எழுந்துவிட்டேன். நர்ஸின் முகம் மாறிவிட்டது. என் வீட்டுக்காரரை மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். "வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறீர்களா? அவர் உங்களை மிரட்டுகிறாரா?" கரப்பான்பூச்சிக்குக் கட்டிலில் ஏறி நிற்கிற மனுஷரா என்னை மிரட்டுவார்! சிரித்தேன், சிரிப்பு அழுகையாகிவிட்டது, அழுகையை அவள் வேறு மாதிரி எழுதிக்கொண்டாள். அப்புறம் டாக்டர் நோயின் பெயரை நேராக என் முகத்தில் சொன்னார். கட்டியை மட்டும் எடுப்பதா, மார்பையே எடுப்பதா, ஒரு வாரத்தில் சொல்லுங்கள் என்று ஒரு கையேட்டைக் கொடுத்தார். சண்டாளர்கள், எல்லாவற்றையும் என் மடியில் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அந்த ஒரு வாரமும் எனக்கு அந்த டீக்கடை வேண்டியிருந்தது. சித்தப்பா வேண்டியிருந்தது. யாராவது என்னைக் கேட்காமல் முடிவெடுத்துத் தொலையுங்களேன் என்றிருந்தது. கடைசியில் நானே தீர்மானித்து, நானே படித்து, கையெழுத்துப் போட்டேன்.

"அப்பாட்ட மட்டும் சொல்லிறாத, தாங்க மாட்டாரு" என்றான் அண்ணன். இன்னுமா! ஆனாலும் சரி என்றேன். ஆபரேஷன் முடிந்த பத்தாம் நாள் வீடியோ காலில் அப்பாவிடம், குளிர்க்காய்ச்சல், அதான் படுத்திருக்கேன் என்றேன். அவர் என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். நோட்டை எடுத்து எழுதி, போனுக்கு நேராகப் பிடித்தார்.

'உங்கிட்டக் கேட்டாங்களா?'

"கேட்டாங்கப்பா" என்றேன்.

தலையாட்டினார். "என்னத்தக் கேட்டாங்க?" என்றான் பின்னால் நின்ற அண்ணன். ஒத்தக்கடையிலிருந்து அவரும் சொல்லவில்லை, லீட்ஸிலிருந்து நானும் சொல்லவில்லை.