தவமணி அக்கா தந்த செடியை வைத்திருப்பவர்களுக்கு

தவமணி அக்காவின் கணவர் சிவம் அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டபோது, நான் வேலை செய்யும் டயர் கிடங்கில் லொறியிலிருந்து சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சத்தத்தில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "மாஸ்டர், தவமணி மோசம் போட்டா," என்று அவர் இரண்டாம் தரம் சொன்னார். "மத்தியானம் கொஞ்சம் சூப் குடிச்சவ. பிறகு கண்ணை மூடினவதான்." நான் "சரி அண்ணை, வாறன்" என்றேன். சொல்லிவிட்டு மிச்ச டயர்களை இறக்கி அடுக்கி, கையைக் கழுவிவிட்டுத்தான் கிளம்பினேன். போய் அந்த வீட்டு வாசலில் நிற்க எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறவன் என்பதால், ஜெர்மனியின் இந்தக் கெல்சென்கிர்ச்சன் நகரில் நம்மவர் யார் இறந்தாலும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் நினைவு மலருக்கு எழுதுவது நான்தான். பிறந்த ஊர், புகுந்த ஊர், எல்லோரோடும் முகம் மலர்ந்து பழகியவர், வந்தோரை உபசரித்தவர் என்று வசனங்கள் கைவசம் நிறைய உண்டு. பெயரை மட்டும் மாற்றினால் போதும். தவமணி அக்காவுக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. உங்களில் பலருடைய வீட்டில் அவர் தந்த செடி ஒன்று இருக்கிறது. அந்தச் செடியைப் பற்றித்தான் நான் எழுதவேண்டும்.

ரயில் பாதை மேட்டுக்குப் பின்னால் தோட்டச் சங்கம் வாடகைக்கு விடும் துண்டுக் காணிகளில் என்னுடையதும் அக்காவுடையதும் பக்கத்துப் பக்கத்தில். என்னுடையதில் பாதிக்காவது வெயில் விழும். அக்காவுடையது முழுக்க பெரிய மரங்களுக்குக் கீழே. யாரும் வேண்டாம் என்று விட்ட காணி அது. முதியோர் இல்லத்தில் சலவை வேலை முடித்து வந்து, முதல் கோடையில் மிளகாய், தக்காளி, கத்தரி என்று எல்லாம் நட்டார். தக்காளி ஒன்றுகூடப் பழுக்கவில்லை. அவர் மரத்தடியில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்து அழுததை நான் வேலிக்கு இப்பால் நின்று பார்த்தேன். அடுத்த தோட்டத்து ஜெர்மன் கிழவி அதைப் பார்த்துவிட்டு, தன் காணியில் ஒரு செடியை மண்வெட்டியால் இரண்டாக வெட்டி, பாதியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதுதான் ஹோஸ்டா. பூவுக்காக அல்ல, இலைக்காக வளர்க்கிற செடி. வெற்றிலையை நாலு மடங்கு பெருக்கினால் எப்படியிருக்கும், அப்படி. "வெயில் இல்லையெண்டு அழுதுகொண்டிருந்தன் மாஸ்டர்," என்று அக்கா பிறகு சொல்வார். "வெயில் வேண்டாமெண்டு சொல்லுற சீவனும் உலகத்தில இருக்குப் பாருங்கோ."

அதன்பிறகு மனிசிக்குப் பிடித்தது பைத்தியம். நீல இலை, மஞ்சள் இலை, வெள்ளைக் கரை போட்ட இலை, கைவிரல் நீளத்துக்கு மேல் வளராத குட்டி இலை என்று தேடித் தேடிச் சேர்த்தார். செடி சேர்ப்பவர்கள் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் ஹனோவர் வரைக்கும் ரயிலில் போவார். மடியில் ஈரக் கடதாசி சுற்றிய வேரோடு திரும்பி வருவார். நீல இலையில் ஒரு மாப்படலம் இருக்கும், கை பட்டால் போய்விடும். அதனால் வருகிறவர்களை எல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடக்கவேண்டும் என்பார். நத்தை இலையைத் தின்னும் என்று கிண்ணங்களில் பியர் ஊற்றி மண்ணில் புதைத்து வைத்தார். பியரில் விழுந்து நத்தை சாகும். அக்கா கிழமைக்கு ஒரு பெட்டி பியர் வாங்குவதைக் கடையில் கண்ட நம்மவர்கள், சிவம் அண்ணை குடியில் விழுந்துவிட்டார் என்று கதை கட்டினார்கள். அண்ணைக்கு வாழ்நாளில் ஒரு மிடறு பழக்கமில்லை. "குடிகாரன் எண்ட பேரையும் இவ வாங்கித் தந்திட்டா" என்று அவர் சிரித்தது நினைவிருக்கிறது.

தோட்டச் சங்கத்தின் சட்டப்படி காணியில் மூன்றில் ஒரு பங்கு காய்கறியோ பழமோ இருக்கவேண்டும். ஒரு வசந்தத்தில் தலைவர் கடிதத்தோடு வந்துவிட்டார். அக்கா கொஞ்சமும் அசையவில்லை. ஜப்பானில் இதன் குருத்தைச் சமைப்பார்கள் என்று எங்கோ வாசித்திருக்கிறார். மண்ணைவிட்டு எட்டிப் பார்த்த குருத்துகளை ஒடித்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டு வறை வறுத்து, அடுத்த கூட்டத்துக்குச் சட்டியோடு போனார். தலைவர் இரண்டு தரம் வாங்கித் தின்றார். "எல்லாம் மரக்கறிதான் எண்டு எழுதிப்போட்டார்," என்று அக்கா என்னிடம் வந்து சொன்னார். அன்று அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறு எப்போதும் கண்டதில்லை.

இனி என் கதை. அக்காவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நான் ஒரு ஹோஸ்டா வாங்கிப் போனேன். பேர் ஊர் இல்லாத செடி, ஒரு கடை வாசலில் மிச்சமாய்க் கிடந்தது. இலை நரம்போடு பச்சை நிறம் மை ஊறினாற்போல் பரவியிருந்தது. எண்பது வகை வைத்திருக்கிறவரிடம் இது இருக்காது என்று எனக்கு ஒரே சந்தோசம், புளுகம். அக்கா அதைக் கண்டதும் நிலத்தில் குந்திவிட்டார். "இப்பிடி ஒண்டை நான் கண்டதில்லை" என்று அதற்குப் பேரும் வைத்தார்: 'மாஸ்டர்'. தோட்டம் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது அதைத்தான். கேட்டவர்களை வெறுங்கையோடு அனுப்பத் தெரியாத மனிசி. தன் கத்தியால் அதைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தார். அதே கத்தியால் மற்றச் செடிகளையும் பிரித்தார். கறிக்கு வெட்டும் கத்தியைக் கழுவாமல் வைக்காத நாம், செடி வெட்டும் கத்தியைக் கழுவவேண்டும் என்று யோசித்ததே இல்லை.

மூன்று வருடம் கழித்து, போன மே மாதம், ஹனோவரிலிருந்து ஒரு ஜெர்மன் பெண் தோட்டம் பார்க்க வந்தார். 'மாஸ்டர்' முன்னால் வந்ததும் அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. அது புது வகை இல்லை, ஹோஸ்டாவுக்கு மட்டும் வருகிற ஒரு வைரஸ் என்றார். சாறு பட்ட கத்தியால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும், மருந்தில்லை, வெளியில் தெரிய வருடங்களும் ஆகலாம். அவர் மெல்ல நடந்து காட்டக் காட்ட, நீலத்திலும் மஞ்சளிலும் அதே மை ஊறிக்கிடந்தது எங்கள் கண்ணுக்கும் தெரிந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கிருந்து தொற்றியது என்று அந்தப் பெண் கேட்டார். "எங்கையிருந்து வந்ததெண்டு தேடி என்ன," என்று அக்கா எனக்குக் கேட்கத் தமிழில் சொல்லிவிட்டு, அவரிடம் ஜெர்மனில் தெரியாது என்றார்.

இரண்டு நாள் தோண்டினோம். அக்கா, சிவம் அண்ணை, நான். உரக்குழியில் போடக்கூடாது என்பதால் வேரோடு கறுப்புப் பைகளில் கட்டிக் குப்பைக்குப் போட்டோம். வேர்த் துண்டு ஒன்றும் மிஞ்சக்கூடாது என்று அக்கா மண்ணைக் கையால் அரித்தார். இழுத்துக் கட்டிய பைகளுக்குப் பக்கத்தில் நின்று, "குழந்தைப்பிள்ளையள் மாதிரி வளர்த்தன் மாஸ்டர்" என்றார். அழவில்லை. பிறகு ஒரு கொப்பி ஒற்றையில் செடி வாங்கிப்போனவர்களின் பெயர்களை ஒன்றும் விடாமல் எழுதி என்னிடம் தந்தார். பதினேழு வீடு. "எனக்கு இந்த முகத்தோட போக ஏலாது. நீங்கள் சொன்னாத்தான் கேப்பினம். எல்லாத்தையும் கிண்டி எறியச் சொல்லுங்கோ. என்ர பேரால இந்த நோய் வருத்தம் பரவக்கூடாது."

அந்த மே மாதம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரில் சண்டை முடிந்துகொண்டிருந்தது. வன்னிக்குள் அகப்பட்ட நம் ஆட்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாமல் எல்லோரும் தொலைபேசிக்குப் பக்கத்தில் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தோம். நான் அக்காவிடம் சொன்னேன்: "அங்க சனம் செத்துக்கொண்டிருக்கு. இப்ப போய்ச் செடிக்கு வருத்தம் எண்டு ஆரிட்டச் சொல்லுறது?" அவர் முகம் செத்துப்போனது. "ஓம், அதுவும் சரிதான். கொஞ்சம் பொறுத்துச் சொல்லுங்கோ," என்றார். நான் சொன்னது நியாயம் மாதிரித்தான் இருந்தது. ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. பதினேழு வீட்டிலும் முதல் கேள்வி, எங்கேயிருந்து வந்தது என்பதாகத்தான் இருக்கும். என்னிடமிருந்து வந்தது என்று சொல்ல எனக்கு வெட்கம். செத்த சனத்தை என் வெட்கத்துக்கு முன்னால் மறைப்பாக நிறுத்தினேன். இதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததாக ஞாபகம் இல்லை.

கொஞ்சம் பொறுக்க அக்காவிடம் காலம் இருக்கவில்லை. ஜூலையில் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். ஆகஸ்டில் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டிலில் ஒரு பிடி மனிசியாகக் கிடந்தார். அண்ணை தண்ணீர் எடுக்க வெளியே போன நேரம் கேட்டார்: "மாஸ்டர், எல்லாருக்கும் சொல்லியாச்சோ?"

நான் "ஓம் அக்கா" என்றேன்.

"எல்லாரும் கிண்டிப்போட்டினமோ?"

"ஓம்."

"நல்லது," என்றார். கண்ணை மூடி, மூச்சு விட்டார். திரும்பி வந்த அண்ணையிடமும் அதைச் சொன்னார்: "மாஸ்டர் எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லிப்போட்டாராம்."

செத்தவீட்டில் உங்களில் மூன்று பேர் என்னிடம் தனித்தனியாக வந்தீர்கள். அக்கா தந்த செடி நல்லாக வந்திருக்கிறது, அதில் ஒரு துண்டு பிரித்து அண்ணைக்குக் கொடுக்கப்போகிறோம் என்றீர்கள். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, மலருக்குப் படம் வாங்கப் போனபோது, அண்ணையின் பல்கனியில் மூன்று சட்டிகள் இருந்தன. அவர் செம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "பாத்தீங்களே மாஸ்டர்," என்றார். "நீங்கள் வீடு வீடாய்ப் போய்ச் சொன்னதால வருத்தக்காரச் செடியெல்லாம் போய், நல்லது மிஞ்சியிருக்கு. வசந்தத்தில அவவின்ர காணியில திருப்பி நடப்போறன்." உற்றுப் பார்த்தால், மூன்றிலும் இலை நரம்போடு மை மெல்ல ஊறியிருந்தது.

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணை செம்பைக் கீழே வைத்தார். "இதுகளுமோ?" என்று கேட்டார். "ஓம் அண்ணை." ஒரு சட்டியை வெளிச்சத்துக்குத் திருப்பி இலையைப் பார்த்தார். "அவ உங்களை நம்பித்தானே போனவ," என்றார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். புறப்பட்டபோது கதவடியில் சொன்னார்: "இதை எழுதுங்கோ. அவ நல்லவ வல்லவ எண்டு வேற ஒண்டும் எழுத வேண்டாம்."

எழுதிவிட்டேன். இன்னும் சில கிழமையில் இலை மஞ்சளாகி மண்ணோடு போய்விடும். பிறகு செடி எங்கே நின்றது என்றே தெரியாது. அதற்குள் தோண்டுங்கள். வேரோடு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், கத்தியையும் மண்வெட்டியையும் நன்றாகக் கழுவுங்கள். அவவின் நினைவாக இருக்கட்டும் என்று ஒரு துண்டையும் வைத்துக்கொள்ளாதீர்கள், அந்த நினைவு அவவுக்கு வேண்டாம். மனம் வராதவர்கள் சொல்லுங்கள், நானே வந்து தோண்டுகிறேன். எங்கேயிருந்து வந்தது என்றும் கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஆஸ்பத்திரியில் அவர் சொன்ன அந்த "நல்லது" ஒன்றுதான். அதைப் பொய் சொல்லி வாங்கினேன். பதினேழாவது வீட்டிலும் தோண்டி முடிகிற அன்றைக்கு அதை என்னுடையது என்று சொல்லிக்கொள்வேன்.