இரண்டு விரலில் வந்த போல்ட்

கொழுந்தியாளைப் பெண் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து ஆறு பேர் வருகிறார்கள் என்று தெரிந்ததும், வீட்டில் ஜன்னல்களுக்குப் புதுத் திரை போட்டார்கள். நான் காருக்குப் புது வீல் போட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் வக்கீல் என்று பலகை மாட்டியிருந்தேன். பலகையைப் படித்தவர்கள் உண்டு, உள்ளே வந்தவர்கள் குறைவு. பெண்ணின் அக்காள் புருஷன் என்ற முறையில் நான் காட்டிக்கொள்ளக்கூடிய ஒரே பெருமை என் சின்ன இத்தாலிக் கார். அதன் வீல்களோ துருவேறிக் கிடந்தன. செங்கோட்டைப் பக்கம் ஓர் எஸ்டேட்காரர் தன் பெரிய காரை உடைத்து விற்றபோது, குரோம் பூசிய ஐந்து வீல்களை வாங்கி வந்தேன். முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு.

மெக்கானிக்கிடம் போகவில்லை. என்னிடம்தான் மோட்டார் வண்டிகளைப் பற்றிய தடிமனான ஆங்கிலப் புத்தகம் இருந்ததே! துளைகள் நான்கு, சரி. துளைக்குத் துளை தூரம், ஜியோமெட்ரிப் பெட்டிக் காம்பஸ் வைத்து அளந்தேன், சரி. காரின் பழைய போல்ட்டுகளையே போட்டேன். மரை அழகாக ஏறியது. ஏறாமல் என்ன செய்யும், அது அந்தக் காரின் போல்ட் அல்லவா?

மறுநாள் காலை வந்தவர்கள் பெண்ணைப் பார்த்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள். "குத்தாலத்துல குளிச்சிட்டு வந்து பதில் சொல்லுதோம்" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமா. சாரல் காலத்தில் யாருக்கும் முதல் கடமை அதுதான். மாப்பிள்ளைக்கு ஓட்டத் தெரியும் என்றார்கள். சாவியை நீட்டினேன். எண்ணெய்ச் செம்பு, துணி மூட்டை, தூக்குச்சட்டி எல்லாம் வைக்க டிக்கியில் இடம் வேண்டும் என்று ஸ்டெப்னியை இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். ஆறு பேரும் எப்படித்தான் உள்ளே அடைந்தார்களோ, புதுவீல்கள் மின்ன கார் தெரு திரும்பியது.

இறக்கி வைத்த ஸ்டெப்னியும் அந்த ஐந்து வீல்களில் ஒன்றுதான்; அதில் காற்று இல்லை. சும்மா இருப்பானேன் என்று ஒரு குதிரை வண்டியில் ஏற்றி, சுரண்டை ரோட்டில் இருந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவருக்கும் என் வயதுதான். வீலைக் கீழே போட்டவர் டயரைப் பார்க்கவில்லை. போல்ட் துளைக்குள் விரலை விட்டுச் சுற்றினார்.

"வக்கீலய்யா, இதுக்கு எந்தப் போல்ட்டு போட்டிய?"

"காரோட போல்ட்தான்."

தகர டப்பாவைக் கிளறி, என் காருக்குரிய போல்ட் ஒன்றை எடுத்தார். சாமி படத்துக்கு முன்னாலிருந்த குங்குமத்தை எண்ணெயில் குழைத்து, போல்ட்டின் தலைக்குக் கீழே வீலை அழுத்திப் பிடிக்கிற சரிவில் தடவினார். துளைக்குள் வைத்து அழுத்திச் சுற்றி எடுத்தார்.

"பாருங்க. துளை கிண்ணம் மாதிரி குழிஞ்சிருக்கு. உங்க போல்ட்டு புனல் மாதிரி சரிஞ்சிருக்கு. குழி பூராவும் செவக்கணும்லா? எங்கன செவந்திருக்கு?"

மயிரிழை கனத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. அவ்வளவுதான் ஒட்டியிருந்தது.

"வீலும் தடிப்பு. போல்ட்டு உள்ள பத்துச் சுத்து ஏறணும், இது அஞ்சு ஏறுனா அதிகம். ஆடி ஆடித் தானா கழண்டுரும்." நிமிர்ந்தார். "வண்டி எங்க?"

"குத்தாலத்துல."

"யாரு இருக்காவ அதுல?"

நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துவிட்டார்.

பின்னால் தொற்றிக்கொண்டேன். குற்றாலம் வரை மூன்று மைல்; நான் வழியைப் பார்க்கவில்லை, இரண்டு பக்கத்துப் பள்ளங்களைத்தான் பார்த்தேன். மேலகரம் தாண்டி ரோட்டோரம் ஒரு கூட்டம். குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தச் சொல்லி மெக்கானிக்கின் தோளை உலுக்கினேன். கிட்டே போனால், பலாப்பழம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அருவிக்குப் போகும் வழியில் ஒரு மரத்தடியில் கார் நின்றது, நாலு வீல்களோடும். ஈரத்தலையோடு ஆறு பேரும் உள்ளே ஏறியாகிவிட்டது. நான் குதித்து ஓடி முன்னால் நின்று இரண்டு கைகளையும் விரித்தேன்.

"இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க!"

தாய்மாமா தலையை வெளியே நீட்டினார். "என்ன வக்கீல் சார்? காரக் குடுத்துட்டு மனசு பொறுக்காம பின்னாலயே ஓடியாந்துட்டீயளா?"

"இல்ல, டயர்ல காத்து..."

"காத்துல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆரியங்காவு வரைக்கும் போய்ச் சாமி கும்பிட்டுட்டு வந்துருதோம். வழிய விடுங்க."

ஆரியங்காவு. புளியரை தாண்டி மலை ரோடு, ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றும் இல்லை. கோர்ட்டில் வாய்தா கேட்க ஆயிரம் காரணம் சொன்ன எனக்கு அந்த இடத்தில் ஒரு பொய் வரவில்லை. மாப்பிள்ளை எஞ்சினைக் கிளப்பினார். நான் முன்வீல் பக்கம் உட்கார்ந்தேன். நான்கு போல்ட் இருக்கவேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தன. அதில் ஒன்றை இரண்டு விரலால் திருகினேன். ஸ்பானர் இல்லாமல், சர்க்கரை டப்பா மூடியைப் போலக் கழன்று வந்தது. அதைத் தாய்மாமாவின் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் போல்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, சத்தம் வராமல், மெதுவாக இறங்கினார். சத்தம் வந்தால் கார் கவிழ்ந்துவிடும் என்பதுபோல.

"வரும்போதே டக்கு டக்குன்னு கேட்டுச்சே, நான் சொன்னேம்லா!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அப்படியே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, தன் ஆட்களை விரல் விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

மாப்பிள்ளையின் முகம் வெளுத்திருந்தது. "கல்லு தட்டுதுன்னு நெனச்சேன்" என்றார். பிறகு மெக்கானிக்கின் கறுத்த கைகளைப் பார்த்துக் கேட்டார்: "இத யாரு மாட்டுனது?"

மெக்கானிக் குனிந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை. அந்த ஒரு நிமிஷம் நான் என்ன யோசித்தேன் என்பதை எழுத எனக்கு இன்றும் கூசுகிறது.

"நான்தான்" என்றேன். "புஸ்தகத்தப் பாத்து."

யாரும் சிரிக்கவில்லை. காரை அங்கேயே விட்டுவிட்டு அவர்களை பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனேன். ஆறு பேரும் என்னை விட்டுப் பத்தடி தள்ளியே பின்னால் வந்தார்கள். பதில் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் அந்தப் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வேன்?

தென்காசி பஸ் வந்தது. படியில் ஒரு கால் வைத்த மாப்பிள்ளையின் அம்மா திரும்பினார்.

"தம்பி, பொண்ணு வீட்டுல வேற யாருக்காவது இந்த மாதிரிக் கைவேல தெரியுமா?"

"யாருக்கும் தெரியாதும்மா. நான் ஒருத்தன்தான். நானும் அந்த வீட்டுக்கு வெளியிலருந்து வந்தவன்தான்."

"அப்பம் சரி" என்று சொல்லிவிட்டு ஏறினார்.